பள்ளிக்கு அனுப்பும் முன்: கையில் காசு குறைந்த வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் பல வருடங்களாக இருக்கிறேன். பள்ளி திறக்க இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது பெற்றோர் ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பிப்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், இரவுக் காவலுக்குப் போய்விட்டுக் காலையில் தூக்கக் கண்ணோடு வந்து நிற்கிற அப்பாக்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், பின்னால் இருக்கிற பயமும் ஒன்றேதான். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பள்ளிக்குத் தயார் என்றால் என்ன? எழுத்தெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டால் பரவாயில்லை. எழுத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் பள்ளி இருக்கிறது.

ஒரே வருடம் என் வகுப்புக்கு வந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். பையனுக்கு எழுத்து முழுக்க மனப்பாடம், நூறு வரை கடகடவென்று ஒப்பிப்பான். ஆனால் முதல் வாரத்தில் மூன்று நாள் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டான், ஏனென்றால் ஒரு பெரியவரிடம் போய் "பாத்ரூம் போகணும்" என்று சொல்லலாம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்பிள்ளைக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. இரண்டாம் நாள் நேராக என்னிடம் வந்து, காலைத் தூக்கிக் காட்டி, "டீச்சர், செருப்பு வார் அந்துபோச்சு, ஒரு பின் இருந்தா குடுங்க, எங்கம்மா அப்படித்தான் போடுவாங்க" என்றாள். என்ன நடந்தது, என்ன வேண்டும், எப்படிச் சரிசெய்வது, மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவள் தயாராக வந்திருந்தாள். பையனும் அறிவில் குறைந்தவன் இல்லை, யாரும் அவனிடம் பதில் கேட்டுப் பேசிப் பழக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு மாதத்தில் சரியாகிவிட்டான்.

வேண்டியதைச் சொல்வது, சொன்னதைக் கேட்டுச் செய்வது, கொஞ்ச நேரம் ஒரு வேலையில் உட்காருவது, தன் முறைக்குக் காத்திருப்பது, சட்டை போடுவது, கை கழுவுவது, கழிப்பறைக்குத் தானே போய்வருவது. இவை கைவசம் இருந்தால் எழுத்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

வசதியான வீட்டுப் பிள்ளைகள் முன்னாலேயே நிறையக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். எங்கள் பிள்ளை எப்படி ஈடுகொடுக்கும்?

அந்த வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். புத்தகம், இடம், அமைதி, பெரியவர்களின் ஓய்வான நேரம் எல்லாமே காசோடு சேர்ந்து வருகிறவை. ஆனால் காசு இல்லாத வீட்டில் எதுவும் செய்ய முடியாது என்பது உண்மையில்லை. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜமைக்காவில் நடந்தது.

1980-களின் கடைசியில் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் 9 மாதத்திலிருந்து 24 மாதம் வரையுள்ள, சத்துக்குறைவால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு வருடம் போய்வந்தார். அவர் பெரிய பட்டம் படித்தவர் இல்லை. தூக்கிப்போடும் பொருள்களில் செய்த பொம்மைகளை எடுத்துப்போய், அவற்றை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டிவிட்டு, பொம்மையை அங்கேயே வைத்துவிட்டு வருவார், அடுத்த வாரம் வேறு ஒன்று. இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, இப்படி ஆள் போகாத வீட்டுப் பிள்ளைகளைவிட இவர்கள் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், வளர்ச்சி குன்றாத மற்ற பிள்ளைகளின் வருமானத்தை எட்டிப்பிடித்திருந்தார்கள். 2014-ல் இது வெளியானது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், மாற்றம் நடந்தது அம்மாவுக்கும் குழந்தைக்கும் நடுவில். பொம்மை அதற்கு ஒரு சாக்கு.

எங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாது. நாங்கள் என்ன சொல்லிக்கொடுப்பது?

வீட்டில் உட்கார்ந்து துணிக்குப் பொத்தான் தைத்துக் கூலி வாங்கும் ஒரு அம்மா. கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஒருநாள் நான் போயிருந்தபோது நாலு வயதுப் பையன் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துவிட்டான். அவன் முதுகில் ஒன்று வைத்திருக்கலாம், பலரும் அதைத்தான் செய்வார்கள். இந்த அம்மா தையலை நிறுத்தாமலே, "சரி, ரெண்டு ஓட்டை இருக்கிறதெல்லாம் இந்த மூடியில போடு, நாலு ஓட்டை அந்த மூடியில" என்றார். பையன் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் போட்டான். நடுவில் ஒரு ரெண்டு ஓட்டைப் பொத்தானைத் தூக்கிக் காட்டி, "அம்மா, இதுக்குக் கண்ணு இருக்கு, வாய் இல்ல" என்றான். அவர் சிரித்துவிட்டு, "அப்போ அது எப்படிச் சாப்பிடும்?" என்று கேட்டார். பையன் யோசிக்க ஆரம்பித்துவிட்டான். நான் வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் எண்ணிக்கை இருக்கிறது, வகை பிரிப்பது இருக்கிறது, பென்சில் பிடிக்கிற விரலுக்குப் பயிற்சி இருக்கிறது, கற்பனை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அவன் சொன்னதை ஒருவர் காதில் வாங்கிப் பதில் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பது அங்கே எங்கேயும் குறுக்கே வரவில்லை. உங்கள் வேலை எதுவாக இருந்தாலும் அதற்குள்ளே பெரிது சிறிது, கனம் லேசு, முன்னால் பின்னால், எத்தனை, ஏன் என்பதெல்லாம் கிடக்கிறது. வாயைத் திறந்து அதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

ஏழை வீட்டுக் குழந்தை மூன்று கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று யாரோ சொன்னார்கள். உண்மையா?

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அவ்வளவு பயப்பட மாட்டீர்கள். அமெரிக்காவில் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இருவர் 42 குடும்பங்களின் வீட்டுக்கு மாதம் ஒரு மணி நேரம் போய், பேச்சைப் பதிவுசெய்து எண்ணினார்கள். 1995-ல் வெளியிட்டார்கள். அந்த 42-ல் அரசு உதவியில் வாழ்ந்த குடும்பங்கள் வெறும் ஆறு. ஆறு வீட்டை வைத்து உலகத்து ஏழை வீடுகளை எல்லாம் எடைபோட முடியாது. 2018-ல் வேறு ஆய்வாளர்கள் ஐந்து சமூகங்களை எடுத்து, சுற்றியிருப்பவர்கள் குழந்தை காதுபடப் பேசுவதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது அவ்வளவு பெரிய இடைவெளி தெரியவில்லை.

அதே 2018-ல் வந்த இன்னொரு ஆய்வுதான் நமக்கு உபயோகமானது. நாலு முதல் ஆறு வயது வரையுள்ள 36 பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, கதை கேட்கும்போது அவர்களின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள். பெரியவர்கள் மொத்தம் எத்தனை சொல் பேசினார்கள் என்பதைவிட, பெரியவரும் பிள்ளையும் மாறி மாறி எத்தனை முறை பேசிக்கொண்டார்கள் என்பதோடுதான் மூளையில் மொழிக்கான பகுதியின் வேலை ஒத்துப்போனது. குடும்பங்களின் வருமான வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அப்படியே.

ஆக, சொற்களை எண்ண வேண்டாம். நீங்கள் ஒன்று சொல்லி, அது ஒன்று சொல்லி, நீங்கள் மறுபடி ஒன்று சொல்லி, இப்படி நாலைந்து தடவை போய்வந்தால் அதுதான் பாடம். "சாப்பிடு, தூங்கு, அங்கே போகாதே" என்பதும் பேச்சுதான், ஆனால் அதற்குப் பிள்ளை திரும்பப் பேச எதுவும் இல்லை.

வேலை முடிந்து வர இரவாகிவிடுகிறது. உடம்பில் தெம்பே இல்லை. இதற்கெல்லாம் நேரம் எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலருக்குக் கண் கலங்கும். நீங்கள் தவறு செய்கிறவர் இல்லை. பத்து மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவரிடம் "தினமும் ஒரு மணி நேரம் பிள்ளையோடு உட்காருங்கள்" என்று சொல்வது நியாயமே இல்லை, சொல்கிறவர்கள் ஒரு நாள் அப்படி நின்று பார்க்கட்டும்.

தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்கள், எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவது, துணி மடிப்பது, நடந்து போவது, படுக்கப் போவது, எது வசதியோ அது. துணி மடிக்கும்போது "இது யாரோடது? எப்படிக் கண்டுபிடிச்சே?" படுக்கும்போது "இன்னிக்கு உனக்கு எது பிடிச்சது? எனக்கு ஒண்ணு பிடிச்சது, சொல்லட்டுமா?" ஐந்து நிமிடம் போதும், தினமும் அதே நேரத்தில் வந்தால் பிள்ளை அதற்காகக் காத்திருக்கும். பேசவே முடியாத நாளும் உண்டு, அன்றைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாலே போதும்.

அப்புறம், நீங்கள் மட்டும்தான் பேச வேண்டும் என்று இல்லை. பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டு அக்கா, மூத்த பிள்ளை என்று பகலில் யார் கூட இருக்கிறார்களோ அவர்களிடம் "அது கேட்டா பதில் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லை. வாங்கவும் முடியாது.

நூலகம் இருந்தால், பள்ளியில் கொடுத்து வாங்கும் பழக்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். இல்லையென்றால் பழைய செய்தித்தாள், படம் போட்ட காலண்டர், அட்டைப்பெட்டி எதுவானாலும் சரி. கதை புத்தகத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நீங்கள் சின்ன வயதில் தொலைந்துபோய்த் திரும்பி வந்த கதையை உங்கள் பிள்ளை நூறு தடவை கேட்கும்.

புத்தகம் கிடைத்தால் அதை எப்படிப் படிப்பது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிரோவர் வொயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1988-ல் பெற்றோர்களுக்கு ஒரே ஒரு மாற்றத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். நீங்களே வாசித்துக்கொண்டு போகாமல், நடுவில் நிறுத்திப் பிள்ளையைக் கேளுங்கள், அது சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். ஒரு மாதத்திலேயே பிள்ளைகளின் பேச்சில் வித்தியாசம் தெரிந்தது. "இது என்ன?" என்று கேட்டால் "நாய்" என்று வரும். "ஆமா, நனைஞ்சுபோன நாய். ஏன் நனைஞ்சிருக்கும்?" என்று நீங்கள் நீட்டினால் அடுத்த பதில் ஒரு வாக்கியமாக வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை கதை சொல்ல, நீங்கள் கேட்கிறவராக மாறிவிடுவீர்கள். வாசிக்கத் தெரியாதவர் படத்தை மட்டும் வைத்து இதை அப்படியே செய்யலாம். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு தடவையும் அது புதிதாக ஒன்றைப் பிடிக்கிறது.

கணக்கு? நூறு வரை சொல்ல வைக்க வேண்டுமா?

பாட்டு மாதிரி நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையிடம் "மூணு மூடி எடுத்துக் கொடு" என்றால் கை நிறைய அள்ளிக்கொண்டு வரும். எண்ணுவது வேறு, எண்களின் பெயரைச் சொல்வது வேறு. பத்து வரை பொருளைத் தொட்டுத் தொட்டு எண்ணத் தெரிந்தால் போதும், ஏழு பெரிதா நாலு பெரிதா என்று தெரிந்தால் ரொம்ப நல்லது.

இதற்குக் காசே ஆகாத ஒரு விளையாட்டு இருக்கிறது. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் ஆடிப் பார்த்து 2008-ல் எழுதியது. ஒரே வரிசையில் பத்துக் கட்டம், இடமிருந்து வலமாக 1 முதல் 10. சுற்றிவிட்டால் ஒன்று அல்லது இரண்டு மட்டும் விழுகிற மாதிரி ஒரு சுழலட்டை. இரண்டு வாரத்துக்குள் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம், அவ்வளவுதான் ஆடினார்கள். எது பெரிய எண், எது எங்கே வரும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகவே பிடிபட்டது, ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறம் தீட்டிய கட்டங்களில் ஆடிய பிள்ளைகளிடம் அப்படி ஒன்றும் வரவில்லை.

தரையில் சாக்பீஸாலோ கரித்துண்டாலோ கோடு போடுங்கள். சுழலட்டைக்குப் பதிலாக இரண்டு சீட்டு, ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் இரண்டு. ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். காய் 3-ல் இருக்கிறது, இரண்டு விழுந்தது என்றால் பிள்ளை "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தக் கூடாது, கட்டத்தில் இருக்கிற எண்ணையே "நாலு, அஞ்சு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். முதல் சில தடவை குழம்பும். நீங்கள் சொல்லிக் காட்டினால் பிடித்துக்கொள்ளும்.

எழுத வைக்கலாமா? மூன்று வயதிலேயே பென்சில் கொடுத்துவிட்டோம்.

கிறுக்கக் கொடுத்தால் சந்தோஷம். கையைப் பிடித்து இழுத்து ஒரே எழுத்தை நாற்பது தடவை எழுத வைத்தால் எனக்கு வருத்தம். விரலுக்கு வலு வருவதற்கு முன் எழுத வைத்த பிள்ளைகள் பென்சிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், அதைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆகிறது. மாவு பிசைவது, துணி பிழிவது, மூடி திறப்பது, கிழிப்பது, கோர்ப்பது எல்லாம் எழுத்துக்கு முந்தைய எழுத்துதான்.

வாசிப்புக்கு அடிப்படை கண்ணைவிடக் காதில் அதிகம் இருக்கிறது. 1983-ல் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், நாலைந்து வயதில் எந்தச் சொல் எதோடு ஒலியில் ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் பின்னால் நன்றாக வாசித்தார்கள். அதனால் பாட்டுப் பாடுங்கள், "கல்லு, பல்லு, கதவு, புல்லு, இதுல சேராதது எது?" என்று விளையாடுங்கள். "'ம'-ல ஆரம்பிக்கிற பேர் சொல்லு" என்பது நடந்து போகும்போது ஆடலாம். எழுத்தில் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது பிள்ளையின் சொந்தப் பெயர். அதைப் பையில், டப்பாவில் பார்த்ததும் முகம் மலரும் பாருங்கள்.

போனில் பாட்டெல்லாம் கற்றுக்கொள்கிறதே, அது போதாதா?

போனைக் கொடுத்துவிட்டுச் சமைக்கிற அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன், அடுப்பு பக்கத்தில் பிள்ளை ஓடாமல் இருக்க வேறு வழி இல்லாத வீடுகள் எனக்குத் தெரியும். ஆனால் போன் பதில் சொல்லாது, அதுதான் குறை. பிள்ளை தப்பாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு, இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முடிந்தபின் "அதுல யார் வந்தாங்க? என்ன பண்ணாங்க?" என்று கேளுங்கள். தூங்கப் போகும் நேரத்தில் மட்டும் கையில் கொடுக்காதீர்கள்.

முன்பருவப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டுமா?

நல்ல இடம் கிடைத்தால் அனுப்புங்கள். "நல்ல" என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டியில் 1962-ல் தொடங்கிய பெர்ரி முன்பருவப் பள்ளித் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகள், அதில் 58 பேருக்கு வகுப்பு, 65 பேருக்கு இல்லை. தினமும் இரண்டரை மணி நேர வகுப்பு, அதோடு ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய் அம்மாவோடும் பிள்ளையோடும் உட்காருவார். நாற்பது வயது வரை அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். வகுப்புக்குப் போனவர்களில் பள்ளிப்படிப்பை முடித்தவர்களும் வேலையில் இருந்தவர்களும் அதிகம், கைதானவர்கள் குறைவு. இதில் கவனிக்க வேண்டியது, அறிவுத்திறன் சோதனையில் ஆரம்பத்தில் கிடைத்த கூடுதல் மதிப்பெண் சில வருடத்திலேயே கரைந்துவிட்டது. நிலைத்தது வேறு ஏதோ, விடாமுயற்சி, தன்னை அடக்கிக்கொள்வது, பிறரோடு ஒத்துப்போவது போன்றவை என்று பொருளாதாரத்துக்கு 2000-ல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் பல வருடமாகச் சொல்லி வருகிறார்.

மறுபக்கமும் உண்டு. டென்னசி மாநிலத்தின் இலவச முன்பருவப் பள்ளித் திட்டத்துக்கு விண்ணப்பித்த 2,990 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், இடம் கிடைத்துப் போன பிள்ளைகள் ஆறாம் வகுப்பில், இடம் கிடைக்காதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். கட்டடமும் பெயர்ப்பலகையும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதனால் சேர்ப்பதற்கு முன் அரை மணி நேரம் வாசலில் நின்று கேளுங்கள். பிள்ளைகள் பேசுகிற சத்தம் வருகிறதா, அல்லது ஒரே ஒரு பெரியவரின் குரல் மட்டும்தானா? ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் ஆசிரியர் குனிந்து பதில் சொல்கிறாரா? ஓடியாட இடம் இருக்கிறதா? எல்லாப் பிள்ளையும் கைகட்டி உட்கார்ந்திருக்கிற வகுப்பைப் பார்த்து "என்ன ஒழுக்கம்!" என்று மயங்கிவிடாதீர்கள். அனுப்ப முடியாத சூழ்நிலை என்றால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட விடுங்கள், மற்ற பிள்ளைகளோடு பழகாமல் நேரடியாக வகுப்புக்குள் போவதுதான் கஷ்டம்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி. வீட்டு மொழியை நிறுத்திவிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் கதையும் தடையில்லாமல் வருமோ அந்த மொழியில் பேசுங்கள். தெரியாத மொழியில் திக்கித் திணறி நாலு சொல் பேசினால் பேச்சு சுருங்கிவிடும், பிள்ளைக்கு இரண்டுமே அரைகுறையாகும். யுனெஸ்கோ 1953-லேயே தாய்மொழியில் கற்பிப்பதுதான் சிறந்தது என்று சொல்லியிருக்கிறது. பள்ளி மொழியில் அவசரத்துக்கு வேண்டிய சில வாக்கியங்களை மட்டும் விளையாட்டாகப் பழக்குங்கள்: "தண்ணீர் வேண்டும்", "பாத்ரூம் போகணும்", "வலிக்கிறது", "புரியவில்லை". மற்றது வரும்.

ஒரு இடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது. அடித்தால்தானே அடங்குகிறது?

அடித்தால் பயப்படும். பயந்த பிள்ளை சும்மா இருக்கும், ஆனால் கேட்காது, கேள்வியும் கேட்காது. வகுப்பில் கையை ஓங்கினாலே தலையைக் குனிந்து மறைத்துக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், நான் கரும்பலகையைக் காட்டத்தான் கையைத் தூக்கியிருப்பேன்.

நாலு வயதில் ஒரு வேலையில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே நல்ல பிள்ளைதான். அடக்கத்தை விளையாட்டில் பழக்கலாம். கை தட்டினால் ஓடு, தட்டுவது நின்றால் சிலை மாதிரி நில். அடுத்த வாரம் மாற்றிவிடுங்கள், தட்டினால் நில், தட்டுவது நின்றால் ஓடு. பிள்ளை தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளப் பழகுவது இப்படித்தான். வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்வதை விட்டு, "செருப்பை வை, கையைக் கழுவு, வா" என்று மூன்றைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மறந்தால் திட்டாமல் "அப்புறம் என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள்.

உடம்பு விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

கண், காது, இரத்தம். பாடம் ஏறவில்லை, மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலருக்குக் காதில் சீழோ நீரோ கோத்திருக்கும், சிலருக்குப் பலகையே தெரிந்திருக்காது. பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா, படத்தைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் சோர்வும் கவனக்குறைவும் வரும், வெளுத்துத் தெரிந்தால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.

இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, மூன்று வயது முடிந்தும் வெளியாள்களுக்குப் பெரும்பாலும் புரியவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். "அவங்க மாமாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் போய்விடும்.

தூக்கம், மூன்று முதல் ஐந்து வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து பத்து முதல் பதின்மூன்று மணி நேரம். ஒரே அறையில் எல்லோரும் இருக்கும் வீட்டில் இது கஷ்டம்தான். பள்ளி திறக்க மூன்று வாரம் முன்பே விளக்கையும் சத்தத்தையும் குறைத்துப் பழக்க ஆரம்பித்தால் காலை அழுகையில் பாதி போய்விடும்.

நல்ல பை, புது உடை வாங்கித்தர முடியவில்லை. மற்ற பிள்ளைகள் முன் கூசிப்போகுமே?

நாலு வயதுப் பிள்ளைக்குப் பையின் விலை தெரியாது, நம் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். துவைத்த உடை, பெயர் எழுதிய பை, தானே திறக்க முடிகிற டப்பா. அது போதும். உண்மையிலேயே ஏதாவது இல்லாமல் பிள்ளை தவிக்கும் என்றால் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். எனக்குச் சொன்னவர்கள் யாரையும் நான் குறைவாக நினைத்ததில்லை, சொல்லாமல் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டவர்களை நினைத்துத்தான் மனது கஷ்டப்பட்டிருக்கிறது.

முதல் நாள் அழுதால்?

அழும். முன்கூட்டியே ஒரு தடவை அந்த வழியாகக் கூட்டிப்போய் வாசல், கழிப்பறை, தண்ணீர் வைக்கும் இடம் எல்லாம் காட்டிவிடுங்கள். சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள், அடுத்த நாள் உங்கள் சேலையை விடவே விடாது. "சாப்பாடு முடிஞ்சு, விளையாடி முடிஞ்சதும் வருவேன்" என்று பிள்ளைக்குப் புரிகிற கணக்கில் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போங்கள், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். உங்களால் முடியாது என்றால் வருகிறவர் யார் என்று காலையிலேயே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் "என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் வரும். "பக்கத்துல யார் உட்கார்ந்தா?" என்று கேளுங்கள்.